அமெரிக்காவுக்குத் திரைக்கதை விற்பவர்கள் கவனிக்க வேண்டியவை

ஹாலிவுட்டுக்குக் கதை அனுப்பினால் திருடிவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆனால் படிக்காமல் போடும் கையெழுத்தால்தான் கதைகள் அதிகம் கைவிட்டுப் போகின்றன. பதிவை முதலில் முடித்துவிடுங்கள். மீதி நேரமெல்லாம் ஒப்பந்தத்துக்கே வேண்டும்.

பதிவு

கதையைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருப்பதால் அமெரிக்காவில் பயனில்லை. இந்தியாவும் அமெரிக்காவும் பதிப்புரிமைக்கான பெர்ன் சர்வதேச உடன்படிக்கையில் இருப்பதால், எழுதிய உடனேயே அங்கும் உங்களுக்குப் பதிப்புரிமை வந்துவிடுகிறது. அப்படியிருந்தும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதியச் சொல்வதற்குக் காரணம் பணம். வெளிவராத கதையை யாராவது எடுத்தாண்ட பிறகு பதிந்தால், சட்டம் நிர்ணயித்த இழப்பீடும் (750 முதல் 30,000 டாலர், தெரிந்தே செய்திருந்தால் 1,50,000 வரை) வக்கீல் செலவும் கேட்க முடியாது. அவை இல்லாத வழக்கை எடுக்க வக்கீல் கிடைப்பது கடினம்.

இணையத்திலேயே பதியலாம். 'பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ்' பிரிவைத் தேர்ந்தெடுத்து, பிடிஎஃப் கோப்பை ஏற்றுங்கள். எழுதியவர் ஒருவர், படைப்பு ஒன்று, உரிமையாளரும் அவரே என்றால் கட்டணம் 45 டாலர். மற்றபடி 65. சான்றிதழ் வரத் தாமதமானாலும் படிவம், பணம், பிரதி மூன்றும் போய்ச் சேர்ந்த நாளே பதிவு நாள்.

பலர் சறுக்குவது மொழிபெயர்ப்பில். தமிழில் நீங்கள் எழுதியதை நண்பர் ஆங்கிலமாக்கினால், அந்த ஆங்கில வாசகத்தில் அவருக்குத் தனி உரிமை உண்டு. வேலை தொடங்கும் முன்பே அதை எழுத்தில் உங்களுக்கு மாற்றி வாங்குங்கள். பிறகு 65 டாலர் விண்ணப்பத்தில் அவர் பெயரையும் உரிமை மாற்றத்தையும் காட்டுங்கள். ஏஐ எழுதித் தந்த பகுதி கணிசமாக இருந்தால் அதையும் விண்ணப்பத்தில் சொல்லி விலக்க வேண்டும். இது 2023இலிருந்து அந்த அலுவலகத்தின் நிலைப்பாடு.

அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கமான மேற்கு ரைட்டர்ஸ் கில்டின் பதிவேடும் உண்டு. உறுப்பினர் அல்லாதவர்க்கு 20 டாலர், ஐந்து ஆண்டு செல்லும். சென்னையில் எழுத்தாளர் சங்கத்தில் பதிவதைப் போல அதுவும் தேதிக்கான சாட்சி மட்டுமே.

உரிமைச் சங்கிலி

கதையின் உரிமை யாரிடமிருந்து எப்படி உங்களுக்கு வந்தது என்பதைக் காட்டும் தாள்கள்தான் உரிமைச் சங்கிலி. வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான். நாவலைத் தழுவியது என்றால் எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோ எழுத்தில் உரிமை வாங்கியிருக்க வேண்டும். இந்தியாவில் எழுத்தாளர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. "தாராளமாப் பண்ணுங்க தம்பி" என்ற வாய்ச்சொல் செல்லாது. இருவர் சேர்ந்து எழுதிய கதையை முழு உரிமையோடு விற்க இருவர் கையெழுத்தும் தேவை. மனஸ்தாபம் வரும் முன்பே பங்கையும் பெயர் வரிசையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அனுப்புதல்

இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று பிரிக்கும் நம் முறை அங்கே வேண்டாம். லெட்டர் அளவுத் தாள், கூரியர் 12 புள்ளி எழுத்து, இடது ஓரம் ஒன்றரை அங்குலம், 90 முதல் 120 பக்கம். 'இடைவேளை' என்ற வரியை எடுத்துவிடுங்கள். முகப்பில் தலைப்பு, பெயர், தொடர்பு விவரம் போதும். பதிவு எண்ணைப் போட்டால் கத்துக்குட்டி என்று தெரிந்துவிடும்.

பெரிய ஸ்டூடியோக்கள் கேட்காமல் வந்த கதையைப் படிப்பதில்லை. ஏஜென்ட் அல்லது வக்கீல் வழியாகப் போக வேண்டும். கலிஃபோர்னியாவில் ஏஜென்டுக்கு லேபர் கமிஷனரின் உரிமம் வேண்டும், கமிஷன் வழக்கமாக 10 சதவீதம். படித்துப் பார்க்கவே பணம் கேட்பவர் ஏஜென்ட் அல்ல. சில கம்பெனிகள் விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்து கேட்கும். 'இதே போன்ற கதை எங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம்' என்பதை ஒப்புக்கொள்ளும் தாள் அது. பதிவுக்கு முன் அதில் கையெழுத்திடாதீர்கள்.

வெறும் கருவுக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் விற்பனைக்கு என்று தெரிந்தே கருவைக் கேட்டு, பயன்படுத்தினால், சொல்லாத ஒப்பந்தம் ஒன்று உருவாகியிருக்கலாம் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1956இல் டெஸ்னி என்ற எழுத்தாளரின் வழக்கில் ஏற்றது. கதை சொன்ன அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: யாரிடம், எந்தக் கதை, விற்பனைக்காகச் சொன்னேன் என்று மூன்று வரி போதும்.

ஆப்ஷன்

நேரடி விற்பனை அரிது. முதலில் வருவது ஆப்ஷன், அதாவது குறித்த காலத்துக்கு வாங்கும் உரிமையை மட்டும் பிடித்து வைப்பது. விலை 1,00,000 டாலர் என்றால் வழக்கப்படி 10,000 கொடுத்து 12 முதல் 18 மாதம் கேட்பார்கள். முதல் தொகை விலையில் கழியும். நீட்டிப்புத் தொகை கழியக் கூடாது. சிறு தயாரிப்பாளர் ஒரு டாலருக்குக் கேட்டால் ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

முழு விலை ஆப்ஷன் தாளிலேயே இருக்க வேண்டும். 'பின்னர் பேசிக்கொள்ளலாம்' என்றால் விலையே இல்லை என்று பொருள். முழுப் பணம் வந்த பிறகே உரிமை மாற வேண்டும், 'வாங்குகிறோம்' என்ற நோட்டீஸ் வந்ததும் அல்ல. ஆப்ஷன் காலம் முடிந்தால் உரிமை தானாகத் திரும்பிவர வேண்டும். அவர்கள் வேறொருவரை வைத்துத் திருத்திய பிரதிகள் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

'எல்லா மொழிகளிலும், பிரபஞ்சம் முழுவதும்' என்ற வாசகம் வரும். தமிழில் நீங்களே படமாக்க நினைத்தால் தமிழ் உரிமையை இங்கேயே பிரித்து எழுதுங்கள், நாவலையும் மேடை நாடகத்தையும் சேர்த்து. பிறகு கேட்டால் கிடைக்காது. ஏற்கெனவே எழுதி முடித்த கதையை 'பணிக்காக எழுதியது', அதாவது கம்பெனியே ஆசிரியர், என்று காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 35 ஆண்டுகளுக்குப் பின் உரிமை மாற்றத்தை ரத்துசெய்ய அமெரிக்கச் சட்டம் தரும் உரிமை அப்படிப்பட்ட படைப்புக்குக் கிடையாது.

கதை முழுக்க உங்களுடையது என்ற உறுதிமொழியில் 'எனக்குத் தெரிந்தவரை' என்ற சொல்லைச் சேர்க்கக் கேளுங்கள். கம்பெனி ரைட்டர்ஸ் கில்டின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதது என்றால், திரையில் பெயர் கில்ட் விதிப்படி முடிவாகும் என்று எழுதி வாங்குங்கள். நிகர லாபத்தில் பங்கு என்பது பெரும்பாலும் பூஜ்யமாகவே முடிகிறது. பட்ஜெட்டில் 2 அல்லது 3 சதவீதம், குறைந்தபட்சம் இவ்வளவு என்று கேட்பதே மேல்.

வரி

ராயல்டி மீது அங்கே 30 சதவீதம் பிடிப்பார்கள். டபிள்யூ-8 பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைக் குறிப்பிட்டு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் கோரினால் அது 15 ஆகும். இந்தியாவில் உட்கார்ந்து செய்யும் திருத்த வேலைக்கான சம்பளம் வேறு வகை வருமானம் என்பதால் ஒப்பந்தத்தில் அதைத் தனித் தொகையாகக் காட்டச் சொல்லுங்கள். பிடித்தம் செய்த சான்றை ஆடிட்டரிடம் கொடுத்தால் இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. படிவம் பணம் வரும் முன்பே கம்பெனி கையில் இருக்க வேண்டும். பிடித்த பிறகு திரும்பப் பெற அமெரிக்காவில் வரிக் கணக்கு தாக்கல் செய்ய நேரிடும்.