பகிரப்பட்டதை எடுத்தாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஜிட்டல் ஓவியம் பழகும் எவரும் பிறர் செய்து பகிர்ந்த தூரிகைகள், டெக்ஸ்சர்கள் (பரப்பின் தோற்றத்தைத் தரும் படங்கள்), முப்பரிமாண மாதிரிகள், பயிற்சிக் காணொளிகள் ஆகியவற்றின் தயவில்தான் வளர்கிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் புதிதாக வருபவர்கள் எல்லாரும் அதே இடங்களில் இடறுவதைப் பார்த்த பிறகு சிலவற்றை எழுதிவைக்கத் தோன்றியது. கோப்பைச் சேமிக்க மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

உரிமத்தைக் குறித்துவைக்காமல் எடுப்பது

பணம் கேட்காமல் கிடைக்கும் கோப்புக்கும் நிபந்தனைகள் உண்டு. 2002இல் தொடங்கிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சில, படைத்தவரின் பெயரை உரியபடி குறிப்பிட்டாலே போதும் என்கின்றன. சில வணிகப் பயன்பாட்டைத் தடுக்கின்றன. சில, மாற்றி அமைத்ததையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்கின்றன. படைத்தவர் தன் உரிமைகளை விட்டுக்கொடுக்கும் சிசி0 மட்டுமே எதையும் கேட்பதில்லை.

ஓர் இளம் ஓவியர் புத்தக அட்டை ஒன்றுக்காகத் துருப்பிடித்த தகரத்தின் டெக்ஸ்சரை எடுத்து, அதன்மேல் வரைந்து, லேயர்கள் (அடுக்குகள்) அனைத்தையும் ஒன்றாக்கியும் விட்டார். அச்சுக்குப் போகும் முன் பதிப்பாளர் அதன் மூலத்தைக் கேட்டபோது அவரிடம் இருந்த பதில், "யாரோ இலவசமாகப் போட்டிருந்தார்கள்" என்பதுதான். தேடியபோது அதே படம் இரண்டு இடங்களில் கிடைத்தது. ஒன்றில் சிசி0 என்றிருந்தது. படம் எடுத்தவரின் சொந்தப் பக்கத்திலோ வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. உரிமை இல்லாத ஒருவர் எடுத்து ஏற்றிவிட்டு வழங்கும் அனுமதி செல்லாது என்பதால், அட்டையை முதலிலிருந்து வரைய வேண்டியதாயிற்று. அந்த "யாரோ" என்ற சொல்லை இன்றும் வாரந்தோறும் கேட்கிறேன். எரிச்சல் மட்டும் குறையவில்லை.

தளங்களும் விதிகளை மாற்றுகின்றன. இலவசப் படங்கள் தரும் அன்ஸ்பிளாஷ் 2017இலும் பிக்சாபே 2019இலும் சிசி0-வைக் கைவிட்டுத் தத்தம் சொந்த உரிமத்துக்கு மாறின. முன்பு சிசி0-வில் எடுத்தவரின் உரிமை இதனால் பறிபோகாது. ஆனால் எப்போது எடுத்தோம் என்பதை நிரூபிக்கச் சான்று வேண்டும். ஆகவே பக்கத்தின் முகவரி, படைத்தவர் பெயர், உரிமமும் அதன் பதிப்பும், எடுத்த தேதி ஆகியவற்றை ஓர் உரைக்கோப்பில் எழுதி, பக்கத்தின் திரைப்பிடிப்போடு டெக்ஸ்சர் இருக்கும் கோப்புறையிலேயே வையுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸின் 4.0 பதிப்பு உரிமத்தில் ஒரு நிபந்தனை மீறப்பட்டதாகத் தெரியவந்தால், அறிந்த 30 நாள்களுக்குள் சரிசெய்தால் உரிமை தானாகவே திரும்பக் கிடைக்கும். அதையும் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள்.

பதிப்பைப் பார்க்காமல் பயிற்சியைப் பின்பற்றுவது

முப்பரிமாண மென்பொருளான ப்ளெண்டரின் 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பு, தேர்வு செய்யும் சுட்டிப் பொத்தானை வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு மாற்றியது, பழைய லேயர்களுக்குப் பதில் பொருள்களைத் தொகுத்துவைக்கும் கலெக்‌ஷன்களைக் கொண்டுவந்தது, காட்சியைப் படமாக்கித் தரும் பழைய ரெண்டரரையும் நீக்கியது. அதற்கு முந்தைய காணொளியை வைத்துக்கொண்டு இல்லாத பொத்தானை இரவெல்லாம் தேடுவதில் பயனில்லை.

பலர் சொன்னதால் நம்புவது

பரப்பில் மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் நார்மல் மேப்பில் பள்ளம் மேடாகத் தெரிகிறது என்று கேட்டால், அதன் வலிமையைக் குறைக்கச் சொல்லிப் பத்துப் பேர் வருவார்கள். அது கோளாறை மறைக்குமே தவிரத் தீர்க்காது. டைரக்ட்எக்ஸ், ஓப்பன்ஜிஎல் என்ற இரு முறைகளும் மேல்-கீழ் திசையைப் பச்சை நிறத்தில் எதிரெதிராகக் குறிக்கின்றன. டைரக்ட்எக்ஸ் முறையில் செய்த மேப்பை ஓப்பன்ஜிஎல் முறையை எதிர்பார்க்கும் ப்ளெண்டரில் போட்டிருக்கலாம். படத்தின் பச்சை சேனலை (பச்சை நிறப் பகுதியை) மட்டும் தலைகீழாக்கினால் சரியாகிவிடும். மேப்பின் வண்ண அமைப்பு நான்-கலர் (நிறமாக அல்லாமல் தரவாகப் படிப்பது) என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தூரிகைகளைக் குவிப்பது

இலவச ஓவிய மென்பொருளான கிரிட்டாவோடு வருபவையே தொடக்கத்துக்குத் தாராளம்.

எழுத்துரு

"தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்" என்றிருந்தால் சுவரொட்டிக்கு எடுக்காதீர்கள்.

விடை கிடைத்ததும் மறைந்துபோவது

எந்த அமைப்பை மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது என்பதைக் கேள்வி கேட்ட இடத்திலேயே எழுதிவிட்டுப் போங்கள். "சரியாகிவிட்டது, நன்றி" என்பதை வைத்துக்கொண்டு அடுத்து வருபவர் எதையும் சரிசெய்ய முடியாது.