ஐரிஷ் செஷனில் முதல் முறை வாசிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

பாஸ்டன், நியூயார்க், சிகாகோ பப்களில் ஐரிஷ் இசைக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பதுதான் செஷன். மேடையும் கிடையாது, நோட்டேஷன் தாளும் கிடையாது. இரண்டு மெட்டு சுத்தமாகத் தெரிந்தால் உட்காரலாம். அரைகுறையாக இருபது தெரிந்து பயனில்லை.

இரண்டும் ஒரே வகை நடன மெட்டாக இருக்கட்டும்: 6/8 ஜிக் அல்லது 4/4 ரீல். ஸ்கேல் டி அல்லது ஜி; டின் விசிலுக்கும் (சிறிய உலோகக் குழல்) ஃபிடிலுக்கும் (வயலின்) கைக்கு எளிதாக வரும். பெரும்பாலான மெட்டுகளில் 8 பார் (தாளக் கட்டம்) கொண்ட இரு பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. ஆக ஒரு சுற்று 32 பார். வழக்கமாக மூன்று சுற்று முடிந்ததும் நிற்காமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். பிள்ளைகள் விழுவது இந்த இடத்தில்தான். முதல் மெட்டின் கடைசி 2 பாரையும் அடுத்ததன் முதல் 2 பாரையும் ஒட்டி, அதை மட்டும் தனியாகப் பழகுங்கள்.

மெட்டைக் காதால் பிடியுங்கள். பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, முதலில் வாயால் பாடி, பிறகு கருவிக்குப் போங்கள். சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ'நீல் 1903-ல் 1,850 மெட்டுகளை அச்சிட்டார், பெரிய களஞ்சியம். ஆனால் அச்சில் ரீலின் ஒரு பாரிலுள்ள எட்டு சுரங்களும் சம நீளம். வாசிப்பில் ஒவ்வொரு ஜோடியின் முதல் சுரம் சற்றே நீளும். தாளை மட்டும் பார்த்துக் கற்றவர் வாசித்தால் தையல் மெஷின் ஓடுவது போலிருக்கும்.

மெட்ரோனோமில் பாருக்கு இரண்டு அடி வைத்து 60-ல் தொடங்குங்கள். மூன்று சுற்று தவறில்லாமல் வந்தால் 4 கூட்டுங்கள். மெதுவான செஷனுக்கு 90 போதும். வழக்கமான செஷன் 110-ஐ ஒட்டி ஓடும், அந்த வேகத்தில் மூன்று சுற்று இரண்டு நிமிடம்கூட ஆகாது. கட், ரோல் போன்ற அலங்காரங்களைக் கடைசியில் சேருங்கள். அவசரமாக நுழைத்த ரோல் தாளத்தை இழுத்துவிடும்.

போவதற்கு முன் பப்புக்கு போன் செய்யுங்கள். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அனுமதிப்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இடம் கிடைக்காவிட்டால் ஐரிஷ் பாரம்பரிய இசையை வளர்க்கும் கோல்டஸ் அமைப்பின் அமெரிக்கக் கிளைகளை விசாரியுங்கள். போட்டியில் ஆசையுள்ளவர்களுக்கு ஃப்ளா என்ற ஐரிஷ் இசைப் போட்டி விழாவின் தகுதிச்சுற்றுக்கும் வழி அங்கேதான்.

உட்காருமுன் "உட்காரலாமா?" என்று கேளுங்கள். குளிர்ந்த விசில் சுருதி இறங்கி ஒலிக்கும். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகே சுருதி பாருங்கள். தெரியாத மெட்டில் சுரம் தேடி ஊதாதீர்கள், விசிலின் மேல்ஸ்தாயி அறை முழுக்கக் கேட்கும். பௌரான் (ஐரிஷ் கைமேளம்) கொண்டு போகிறவர், ஏற்கெனவே ஒருவர் அடித்துக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும்: இரண்டு பௌரான் சேர்ந்தால் தாளம் குழம்பும், இதில் சலுகையே கிடையாது.

"நீ ஆரம்பி" என்பார்கள். பதற்றத்தில் எல்லோரும் வேகமாகத்தான் எடுப்பார்கள். மெட்டின் மிகக் கடினமான பாரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, அது வரும் வேகத்திலேயே எடுங்கள். மெட்டு மாற்றும்போது தலையை நிமிர்த்திச் சாடை காட்டினால் மற்றவர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள்.