ஜனவரியில் செடி வாங்காதீர்கள்: சேலத்து வணிக வளாகங்களுக்கு ஒரு தோட்டத் திட்டம்

பொங்கல் முடிந்த கையோடு, வளாகத்து முகப்பில் புதுச் செடி வைக்கலாமே என்று உரிமையாளர் கேட்பார். நீங்கள் சேலத்தில் கடை வளாகமோ மண்டபமோ மருத்துவமனையோ பராமரிப்பவர் என்றால் தைரியமாகச் சொல்லுங்கள், இப்போது வேண்டாம். தையில் வைத்த செடி வேர் பிடிப்பதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும், அப்புறம் சித்திரை முழுக்க லாரித் தண்ணீர் ஊற்றித்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். நடுவதை ஆடி மழைக்கு விடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர், மண், மரம் இந்த மூன்றையும் பாருங்கள்.

முதலில் தண்ணீர், ஏனென்றால் பணம் போவது அங்கேதான். கோடையில் புல்தரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் பிடிக்கும். 10,000 சதுர அடி லான் என்றால் தினமும் சுமார் 4,600 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் ஒன்று இரண்டரை நாளில் காலி. பட்ஜெட் பேசும்போது இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள், லானைக் குறைக்க யாரும் மறுக்க மாட்டார்கள். வாசல் பக்கம் ஆட்கள் பார்க்கும் இடத்தில் மட்டும் புல் இருக்கட்டும், பார்க்கிங் ஓரத்திலும் பின்பக்கத்திலும் காகிதப்பூ, அரளி மாதிரி வறட்சி தாங்குபவை போதும். அரளி நச்சுச் செடி, அதனால் குழந்தைகள் விளையாடும் இடத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சொட்டுநீர்க் குழாய் இருந்தால் ஒவ்வொரு வரிசையின் கடைசி முனையையும் திறந்து அழுக்கு போகும் வரை தண்ணீரை ஓடவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும், மேலே பார்த்தால் தெரியாது, ஏப்ரலில் செடி வாடும்போதுதான் தெரியும். விழுந்த இலையை எரிக்காமல் செடியடியில் இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் இடம் விட்டு.

மழைநீர் சேகரிப்பு 2003-இல் இருந்தே தமிழ்நாட்டில் கட்டாயம், பல கட்டடங்களில் தொட்டியும் இருக்கிறது, ஆனால் உள்ளே மண்ணும் பிளாஸ்டிக் கவரும் நிறைந்து கிடக்கும். அதை மார்ச்சுக்குள் வாரி எடுங்கள். 10,000 சதுர அடி மொட்டை மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 46,000 லிட்டர் விழுகிறது, கோடை மழை ஒன்றிரண்டு வந்தாலே அது தெருவுக்குப் போகிறதா உங்கள் போருக்குப் போகிறதா என்பது இந்த வேலையில்தான் இருக்கிறது.

மண்ணுக்கு வருவோம். வெள்ளைக்கல் பூமியான மாமாங்கம் பக்கமும், சுண்ணாம்பு கலந்த மண் உள்ள இடங்களிலும் இட்லிப்பூ செடியில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது தண்ணீர்க் குறையே அல்ல, அந்த மண்ணில் இரும்புச் சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கலந்து சாயங்காலம் தெளித்தால் தேறும், ஆனால் வருடா வருடம் இதே பாடு என்றால் அந்த இடத்தில் செடியையே மாற்றுவது நல்லது. உரம் வாங்கும் முன் மண்ணைச் சோதித்துவிடுங்கள்: பல இடங்களில் ஆங்கில வி எழுத்து போல 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோவை அரசு மண் பரிசோதனை நிலையத்திலோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுங்கள்.

மரங்களைத் தள்ளிப்போடாதீர்கள். சேலத்தில் ஏப்ரல், மே மழை காற்றோடுதான் வரும், கார்மேல் கிளை விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். குல்மொஹர் கிளை சட்டென்று முறியும், அதை முதலில் பாருங்கள். காய்ந்ததையும் கூரைமேல் சாய்ந்ததையும் பிப்ரவரியிலேயே கழியுங்கள், மொட்டையடிக்க விடாதீர்கள், கோடையில் நிழல் வேண்டும். மின்கம்பி பக்கம் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் ஆளை ஏற்றாதீர்கள்.

ஏற்காட்டில் கட்டடம் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு, அங்கே உயரம் 1,500 மீட்டர், மழையும் குளிரும் அதிகம், அதனால் சரிவில் மண் அரிப்பும் வடிகாலும்தான் முதல் வேலை. கீழே இருப்பவர்கள் அங்கே பூத்துக் குலுங்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்து மயங்கி வாங்கி வராதீர்கள், சேலத்து மே மாத வெயிலை அது தாங்காது.

பராமரிப்பு ஒப்பந்தம் ஏப்ரலில் புதுப்பிப்பதாக இருந்தால், வாரம் எத்தனை முறை ஆள் வருவார், கிளை கழிப்பது அதில் சேர்த்தியா, செத்த செடிக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். வேம்பு, புங்கன், மகிழம் என்று நடவேண்டியதை மே மாதமே நர்சரியில் சொல்லி வைத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் போனால் பைக்குள்ளேயே வேர் சுருண்டு கிடக்கும் பழைய கன்றுகள்தான் மிஞ்சும், எடுக்கும்போது ஒரு பையைக் கிழித்து வேரைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.