தர்மபுரியில் மொட்டை மாடியோடு ஒரு பெட்ரூம் வீடு: வாடகைக்குப் பிடிப்பது எப்படி?

தர்மபுரி டவுனில் ஒரு பெட்ரூம் வீடும் நமக்கென்று கொஞ்சம் வெளியிடமும் வேண்டுமென்றால், பெரும்பாலும் கிடைப்பது மாடி போர்ஷன்தான். கீழே ஓனர் குடும்பம், மேலே ஹால், பெட்ரூம், சமையலறை, மீதி மொட்டை மாடி. "மாடி முழுக்க உங்களுக்குத்தான்" என்பார்கள். கூடுதல் வாடகை தருவதே அந்த ஒரு வார்த்தைக்காக. அதை எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

1. தேடுவது

இலக்கியம்பட்டி, பாரதிபுரம், பென்னாகரம் ரோடு பக்கம் சாயங்காலம் நடந்து பாருங்கள், டூலெட் போர்டு கண்ணில் படும். மளிகைக் கடையிலும் இஸ்திரி வண்டியிலும் கேளுங்கள். புரோக்கர் என்றால் கமிஷனை முதலிலேயே பேசிவிடுங்கள்.

2. மாடியைப் பார்ப்பது

காலையில் போகாதீர்கள். வெயில் கொளுத்தும் மதியம் இரண்டு, மூன்று மணிக்குப் போனால்தான் பெட்ரூமின் சூடு தெரியும். மேல்தளத்தில் தட்டு ஓடு பதித்திருக்கிறார்களா, வெள்ளைப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். சீலிங்கில் பழுப்பு வட்டம் இருந்தால் மழைக்கு ஒழுகும் வீடு.

ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, மாடியில் வாசல் அருகே ஊற்றுங்கள். தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் ஓட வேண்டும். நிலைப்படியை நோக்கி வந்தால் ஐப்பசி மழையில் ஹாலுக்குள் வரும்.

அடுத்து சின்டெக்ஸ் டேங்க். அது உங்கள் மாடியில் இருந்தால், வால்வைத் திருப்பவும் கழுவவும் யாராவது ஏறி வருவார்கள். படிக்கட்டு வெளியே தனியாக இருக்கிறதா? கீழ்வீட்டு அக்கா துணி காயப்போடுவதும் வடாம் பிழிவதும் இதே மாடியிலா? சிரித்த முகத்தோடு முதல் நாளே கேட்டுவிடலாம், ஒன்றும் தப்பில்லை. குழந்தை இருந்தால் கைப்பிடிச்சுவர் உயரத்தையும் பாருங்கள்.

3. தண்ணீர்

நம் மாவட்டத்தில் இதைத் தவறவே விடக்கூடாது. இங்கே பல இடங்களில் போர் (ஆழ்குழாய்க் கிணறு) தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் கறை படிவதும் எலும்பு பாதிப்பதும் அதனால்தான். 2013-ல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காக வந்தது. அதனால் "தண்ணி வருமா?" என்பதோடு நிறுத்தாமல், "ஒகேனக்கல் தண்ணி மாடிக்கு ஏறுமா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை?" என்று கேளுங்கள். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால், காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. ஆர்.ஓ. சுத்திகரிப்பான் போட வேண்டும், இல்லையென்றால் கேன் தண்ணீர்தான்.

4. கரண்ட்

உங்கள் போர்ஷனுக்குத் தனி ஈ.பி. இணைப்பு இருந்தால், அரசு தரும் இலவச யூனிட் உங்களுக்கே கிடைக்கும். ஓனர் இணைப்பிலேயே உங்கள் செலவை மட்டும் அளக்கும் சப் மீட்டர் என்றால் இரண்டு வீட்டு யூனிட்டும் சேர்ந்து, யூனிட் விலை கூடும் மேல் ஸ்லாபுக்குப் போகும். யூனிட் என்ன விலை என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

5. ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாக ஒத்துக்கொண்டு எழுதினால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. ஓசூர்ப் பக்கம் போல இங்கும் யாராவது பெங்களூர் வழக்கப்படி பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டால் இதைச் சொல்லிப் பேசுங்கள். ஓனர் வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு.

சொத்து விவரப் பகுதியில் இப்படி ஒரு வரி சேருங்கள்: "மேற்படி வீட்டை ஒட்டிய மொட்டை மாடி முழுவதும் வாடகைதாரரின் தனி உபயோகத்துக்கு உட்பட்டது, தண்ணீர்த் தொட்டி பராமரிப்புக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டு உரிமையாளர் வரலாம்." தொட்டி வைத்துச் செடி வளர்க்கவும், வெயிலுக்கு ஷேட் நெட் கட்டவும் அனுமதி வேண்டுமென்றால் அதையும் இங்கேயே எழுதுங்கள்.

சாவி வாங்கும் அன்று தரை விரிசல், சுவர்க் கறை, மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் பற்றிப் பேச்சு வந்தால் அந்தப் படங்களே போதும்.