வளர்சிதைமாற்ற மரபணுக்களைக் கொண்டு நுரையீரல் புற்றுநோயாளிகளின் உயிர்வாழ்வைக் கணித்தல்

சுங்கை சிப்புட்டில் என் மேசையில் உள்ள சாதாரண மடிக்கணினியிலேயே இந்தப் பகுப்பாய்வைச் செய்துவிடலாம். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளும் இணையமும் இருந்தால் போதும். ஆக்சிஜன் கிடைக்கும்போதும் புற்றணுக்கள் குளுக்கோஸைப் பெருமளவில் லாக்டேட்டாக மாற்றுவதை ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டறிந்தார். லாக்டேட் உருவாக உதவும் எல்டிஎச்ஏ, குளுக்கோஸை உயிரணுவுக்குள் கடத்தும் எஸ்எல்சி2ஏ1 போன்ற மரபணுக்களின் வெளிப்பாட்டு அளவே, அதாவது அவை எவ்வளவு முனைப்பாக இயங்குகின்றன என்பதே, இங்கே நமக்குக் கச்சாப்பொருள்.

முதலில் தரவு. அமெரிக்காவின் டிசிஜிஏ என்ற புற்றுநோய் மரபணுத் தரவுத் திட்டத்தில், அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய் கொண்ட நோயாளிகள் 500க்கும் மேற்பட்டோரின் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு திசு மாதிரிக்கும் உள்ள குறியீட்டின் 14, 15ஆம் இடங்களில் 01 என்றிருந்தால் அது முதன்மைக் கட்டி. 11 என்றிருந்தால் இயல்பான திசு என்பதால் நீக்கிவிடுங்கள்.

அடுத்து, உயிர்வாழ்வுக் காலம். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். இறந்தவருக்கு இறப்பு வரையிலான நாள்களையும் 1 என்ற குறியையும், மற்றவருக்குக் கடைசித் தொடர்பு வரையிலான நாள்களையும் 0 என்ற குறியையும் இட வேண்டும். நான் முதன்முறை இறப்பு நாள் பத்தியை மட்டும் எடுத்ததால், உயிரோடிருந்தவர்கள் எல்லாரும் அட்டவணையிலிருந்து மறைந்துபோனார்கள். என் அம்மா பால்மரம் வெட்டிய (ரப்பர்ப் பால் எடுத்த) தோட்டத்தில், வேலையை விட்டுக் கோலாலம்பூருக்குப் போனவருக்குக் கிராணி (தோட்டக் கணக்கர்) பெரட்டில் (வருகைப் பதிவில்) இட்ட கடைசிக் குறி, அன்றுவரை அவர் இருந்தார் என்பதை மட்டுமே சொல்லும். அதற்காக அவர் பெயரைக் கிழித்தெறிவதில்லை. 0 என்ற குறியின் பொருளும் அதுவே.

மூன்றாவதாக, கெக் தரவுத்தளத்தின் வளர்சிதைமாற்றப் பாதைகளிலிருந்து மரபணுக்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும், உயிர்வாழ்வுக் காலத்தோடு அதற்குள்ள தொடர்பை அளக்கும் காக்ஸ் பின்னடைவில் சோதித்து, தேறியவற்றைத் தேவையற்றவற்றைக் கழிக்கும் லாசோ முறையால் மேலும் குறையுங்கள். எஞ்சும் ஒவ்வொரு மரபணுவின் அளவையும் அதன் கெழுவால் (கணக்கீடு அதற்குத் தந்த எடையால்) பெருக்கிக் கூட்டினால், அதுவே அந்த நோயாளியின் இடர் மதிப்பெண். மதிப்பெண்களின் இடைநிலை மதிப்பை எல்லையாகக் கொண்டு நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, காலப்போக்கில் எத்தனை விழுக்காட்டினர் உயிரோடிருக்கிறார்கள் என்பதைக் காட்டும் கப்லான்–மேயர் வளைகோடுகளை வரையுங்கள்.

அவை அழகாக விலகி நின்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். மரபணுக்களைத் தேர்ந்தெடுத்த அதே நோயாளிகளிடம் அவை விலகாமல் என்ன செய்யும்? ஜிஎஸ்இ31210 போன்ற, வேறு நோயாளிகளின் தரவுத் தொகுப்பில், கெழுக்களையும் எல்லையையும் மாற்றாமல் சோதியுங்கள். அது மைக்ரோஅரே என்ற வேறு முறையில் அளந்த தரவு என்பதால், இரு தொகுப்புகளிலும் ஒவ்வொரு மரபணுவையும் முன்னதாகவே ஒரே அளவுகோலுக்குத் தரப்படுத்தியிருக்க வேண்டும். பின்னர் வயதையும் நோயின் கட்டத்தையும் காக்ஸ் பின்னடைவில் மதிப்பெண்ணோடு சேருங்கள். கட்டம் சொல்வதற்கு மேல் மதிப்பெண் எதையும் சொல்லவில்லை என்றால், மரபணுப் பட்டியலுக்குத் திரும்புங்கள்.