பள்ளிக்கூடப் பொறுப்பு கிடைத்த புது எஸ்.ஐ.க்கள் செய்யும் தவறுகள்

புதிதாக எஸ்.ஐ. ஆகி வடசென்னைக்கு வருகிறவர்களிடம் ஸ்டேஷன் எல்லையில் உள்ள பள்ளிகளைக் கொடுத்து, குழந்தை நல காவல் அலுவலர் என்று பெயரையும் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே மாதத்தில் எங்கள் செட் ஆட்கள் செய்த அதே கூத்தை இவர்களும் ஆரம்பித்துவிடுகிறார்கள். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல எண்ணத்தோடு செய்கிற தப்புகளைத்தான் சொல்கிறேன்.

"சும்மா ஸ்டேஷன்ல உட்கார வைங்க சார்"

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. வியாசர்பாடியில் ஒரு பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பையன்களுக்குள் அடிதடி, ஒருவனுக்கு உதடு கிழிந்துவிட்டது. ஹெச்.எம். போன் போட்டார். புது எஸ்.ஐ. சரியாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜீப்போடு உள்ளே போனார். தட்டும் கையுமாக நின்ற மொத்தப் பள்ளிக்கூடமும் பார்க்க, அடித்தவனை ஏற்றிக்கொண்டு வந்தார். கேஸ் எதுவும் இல்லை. ரைட்டர் மேஜைக்குப் பக்கத்துப் பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார வைத்தார், அவ்வளவுதான். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா, கையில் செதில் காயாமல் ஓடி வந்தார். "சார், பள்ளிக்கூடத்துல இருந்து மட்டும் எடுத்துடாதீங்க சார்."

பள்ளி எடுக்கவில்லை. பையன்தான் போகவில்லை. வகுப்பில் அவனைக் 'கேடி' என்றார்கள். தெருமுனையில் 'ஸ்டேஷன் பார்த்துட்டு வந்தவன்' என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தவர்கள் யார் என்று அந்த ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும்.

பயம் காட்டினால் திருந்துவான் என்பார்கள். ஹவுசிங் போர்டு பிளாக்கில் ராத்திரிச் சோதனைக்கு வரும் போலீஸைத் தொட்டில் வயதிலிருந்து பார்க்கிறவனுக்கு காக்கியில் என்ன புதுப் பயம்?

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் விதிகளைப் படியுங்கள். குறைந்தபட்சம் 7 ஆண்டு தண்டனை உள்ள கொடுங்குற்றம், அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்தது என்றால்தான் எஃப்.ஐ.ஆர். மற்றதற்கு ஸ்டேஷன் நாட்குறிப்பில் பதிவு, சமூகப் பின்னணி அறிக்கை, அதைச் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவது, இவ்வளவுதான். பிடித்தே ஆக வேண்டுமென்றாலும் லாக்கப், விலங்கு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பிள்ளைகளிடம் போகும்போது கூடுமானவரை மஃப்டியில் போகச் சொல்வதும் அதே விதிகள்தான். அந்த உதடு கிழிந்த விவகாரத்தை, பள்ளி விட்ட பிறகு ஹெச்.எம். அறையில் இரண்டு அம்மாக்களையும் வைத்துப் பேசியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

"எந்த ஏரியாடா?"

பையனிடம் இப்படி ஆரம்பிக்காதீர்கள். முதலில் பெயரைக் கேளுங்கள்.

மன்னிப்புக் கடிதம்

"இனிமேல் செய்ய மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி ஃபைலில் போடுவது பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. சிறாரிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. கிழித்துப் போடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளையின் போட்டோ

வேண்டாம். அடையாளத்தை வெளியிட்டால் அதே சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 74 உங்கள் மேலேயே பாயும்.

"ஸ்கூல் பேர் கெட்டுடும், பேசி முடிச்சிடலாம்"

போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) விஷயத்தில் இப்படிச் சொல்கிற ஹெச்.எம்.முக்குத் தலையாட்டாதீர்கள். தனக்குக் கீழ் வேலை செய்பவர் மீதான புகாரை அவர் மறைத்தால் அவருக்கே ஓராண்டு வரை சிறை. பாதிக்கப்பட்ட பிள்ளையை ஸ்டாஃப் ரூமில் நாலு டீச்சர் முன்னால் விசாரிக்கவும் கூடாது. வீட்டிலோ அந்தப் பிள்ளை விரும்புகிற இடத்திலோ, கூடுமானவரை பெண் எஸ்.ஐ., சீருடை இல்லாமல். யாரையாவது கேட்க வேண்டும் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

பையில் கூல் லிப் (உதட்டில் வைக்கும் புகையிலை) பிடித்தால்

பையனை ஓரங்கட்டி ஆலோசனைக்கு அனுப்புங்கள், விரட்ட வேண்டியது கடையை. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. சிறாருக்குக் கொடுத்தவருக்கு 7 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஆனால் பள்ளிச் சுற்றுச்சுவரின் வெளி எல்லையிலிருந்து கடை வரை டேப் பிடித்து அளந்து மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் பதிவில்) எழுதுங்கள். 'கிட்டத்தட்ட' என்று எழுதினால் கோர்ட்டில் நிற்காது.