தோசைக்கல்லைப் பளபளப்பாக்காதீர்கள்

விருந்துக்கு வந்த சித்தி, எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று, எட்டு வருடம் பழகிய இரும்பு தோசைக்கல்லைக் கம்பி நார் போட்டுத் தேய்த்து வெள்ளித்தட்டு மாதிரி ஆக்கிவைத்தார். மறுநாள் காலை முதல் தோசை கல்லை விட்டு வரவே இல்லை. இரண்டாவது துண்டு துண்டாக வந்தது. மூன்றாவதைச் சுரண்டி எடுத்து, உப்புமா என்று சொல்லிப் பரிமாறினேன். சித்தியை என்ன சொல்ல முடியும்?

கல்லின் அந்தக் கருப்பு அழுக்கே இல்லை. மெல்லிசாகத் தடவிய எண்ணெய், சூடு ஏற ஏற காற்றோடு சேர்ந்து இறுகி, வார்னிஷ் போல இரும்பின் மேல் படிந்துவிடும். இரும்பின் சொரசொரப்பை அது நிரவிவிடுவதால் மாவு ஒட்டாது. கல் பழகிவிட்டது என்று நாம் சொல்வது இதைத்தான். கம்பி நாருக்கு இந்தப் படலம்தான் முதல் இரை.

புதுக் கல் வாங்கியவர்கள் செய்கிற தவறு அவசரம். துருப்பிடிக்காமலிருக்க எதையாவது பூசித்தான் விற்பார்கள். நன்றாகக் கழுவி, அரிசி களைந்த தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து (தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்), அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெய் தடவுங்கள். இங்கேதான் பலர் தாராளம் காட்டுகிறார்கள். எண்ணெய் அதிகமானால் இறுகாமல் பிசுபிசுவென்று கோந்து போல நிற்கும். தடவியதைத் துணியால் துடைத்தெடுத்த பிறகு மிச்சமிருப்பதே போதும். பிறகு இரண்டு மூன்று நாள் அதில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருங்கள். மாவை அப்புறம் பார்க்கலாம்.

அடுத்தது சூடு. கல் காயாமல் ஊற்றினால் ஒட்டும் என்பது தெரியும். அதிகம் காய்ந்தாலும் கெடும்: மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டுகொண்டு வரும். நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சுர்ரென்று அடங்கினால் சரி. முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் ஏறக்குறைய 200 டிகிரியைத் தாண்டிவிட்டது. சொட்டுக்கு அடியில் நீராவி மெத்தை போட்டு அதைத் தூக்கிப் பிடிக்கிறது. லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் சொட்டு விட்டுப் பார்த்து 1756-இல் இதை எழுதிவைத்தார். நம் பாட்டிமார் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். அடுப்பைத் தணித்து, தண்ணீர் தெளித்து, அரை வெங்காயத்தால் ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள்.

தோசைக்கல்லில் சப்பாத்தி போடுவது வீட்டுச் சண்டைக்கே காரணமாகும் விஷயம். எண்ணெய் இல்லாத வெறும் சூட்டில் கல் நெடுநேரம் கிடந்தால் படலம் கருகி உதிரும். இரண்டுக்கும் தனித்தனிக் கல் வைத்துக்கொள்வதே நல்லது. புளி, தக்காளி சேர்ந்த எதையும் அதில் கொதிக்கவிட வேண்டாம். புளிப்பு படலத்தை அரிக்கும்.

சோப்பே ஆகாது என்பது கொஞ்சம் மிகை. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மென்மையான நார், அவ்வளவில் ஒன்றும் ஆகாது. ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறப்போடுவதுதான் ஆபத்து. வார்ப்பிரும்புக் கல் என்றால் இன்னொன்று: சூடு ஆறுமுன் குழாயடியில் காட்டினால் விரிசல் விடலாம், அதை ஒட்டவைக்க வழியில்லை.

துருப்பிடித்துவிட்டதே என்று பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். துருவைத் தேய்த்தெடுத்து, புதுக் கல்லைப் பழக்குவது போலவே மறுபடி பழக்கலாம். என்னுடையதற்குப் பத்து நாள் பிடித்தது. இப்போது சித்தி வருகிறார் என்று போன் வந்தாலே கல் பரணுக்கு ஏறிவிடும்; அவர் கிளம்பும் வரை எங்கள் வீட்டில் இட்லிதான்.